செயற்கை லென்ஸில் படிவு: லேசரா, லென்ஸ் மாற்றமா?

அனைவருக்கும் வணக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை செய்து செயற்கை லென்ஸ் வைத்தார்கள். பார்வை நன்றாகத்தான் இருந்தது. இப்போது அந்தக் கண்ணில் மட்டும் எல்லாம் புகைமூட்டமாகத் தெரிகிறது என்கிறார். வண்டி வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறது.

ஒரு மருத்துவர், லென்ஸுக்குப் பின்னாலுள்ள சவ்வு மங்கியிருக்கிறது, யாக் லேசர் போதும் என்கிறார். இன்னொருவரோ லென்ஸிலேயே கால்சியம் படிந்திருக்கிறது என்கிறார். சவ்வுதான் காரணம் என்றால் லேசரால் அதில் ஒரு திறப்பு ஏற்படுத்தினால் சரியாகிவிடும். கால்சியம் என்றால் லேசரால் பயனில்லை, லென்ஸையே மாற்ற வேண்டும். அவசரப்பட்டு லேசர் செய்துவிட்டால், பிறகு லென்ஸை மாற்றுவது கடினமாகிவிடும். அதுதான் என் பயம். லென்ஸ் அட்டையில் ‘ஹைட்ரோஃபிலிக் அக்ரிலிக்’ (நீரை ஈர்க்கும் ஒருவகை பிளாஸ்டிக்) என்றிருக்கிறது. கால்சியம் படிவது பெரும்பாலும் இந்த வகையில்தான். அம்மாவுக்குச் சர்க்கரை நோயும் உண்டு.

இப்படி லென்ஸ் மாற்றிக்கொண்டவர்கள் இருக்கிறீர்களா? பார்வை எந்த அளவு திரும்பியது? எந்தப் பரிசோதனையில் காரணம் உறுதியானது? மதுரை, திருநெல்வேலிப் பக்கம் இதில் அனுபவமுள்ள மருத்துவர் இருந்தால் சொல்லுங்கள். சொட்டு மருந்தில் கரைந்துவிடும் என்ற யோசனை மட்டும் வேண்டாம். ஏற்கெனவே நிறையக் கேட்டாயிற்று.