மேற்கு மாம்பலம் குடும்பக் குழு

வசந்தா அத்தை: சிக்கிமில் பனிச்சரிவு என்று வீடியோ வந்திருக்கிறதே! கார்த்தி மலையேறப் போகிற இடமா?

பிரியா: பழைய வீடியோ அத்தை. 2023 ஏப்ரல் 4, நாதுலா போகும் சாலை. 7 பேர் இறந்துபோனார்கள்.

லலிதா அம்மா: ஏப்ரலா? இவனும் ஏப்ரலில்தானே போகிறான்?

கார்த்தி: அம்மா, நான் போவது மணாலிக்கு மேலே. சிக்கிம் எங்கே, இமாசலம் எங்கே!

லலிதா அம்மா: பனி பனிதானே.

மூர்த்தி சித்தப்பா: மன்னி கேட்பது சரி. வெயில் ஏறுகிற மாதம்தான் வேறு மாதிரி ஆபத்து. பகலில் மேல் பனி உருகித் தண்ணீர் உள்ளே இறங்கும், அடுக்குகளுக்கு நடுவே பிடிப்பு விட்டுப்போகும். இரவில் நன்றாக உறைந்தால் காலையில் கெட்டியாக இருக்கும். மேகம் மூடிய இரவு என்றால் சரியாக உறையாது, அந்தக் காலையை நம்பாதே. விடிவதற்கு முன் கிளம்பு, வெயில் ஏறுவதற்குள் சரிவை விட்டு இறங்கிவிடு. 30 முதல் 45 டிகிரி சாய்வுதான் மோசம். புதையுண்டவரை 15 நிமிடத்துக்குள் எடுக்காவிட்டால் பிழைப்பது கடினம். அதனால் எல்லோரிடமும் புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சிக்னல் கருவி, பனியில் குத்தித் தேடும் நீளக் கம்பி, தோண்ட மண்வாரி மூன்றும் இருக்கிறதா என்று கேள்.

மணி அத்திம்பேர்: லடாக்கில், லே ஊரில் நீ ஸ்டோர் கணக்குதானே பார்த்தாய்?

மூர்த்தி சித்தப்பா: கணக்கு எழுதினவன் தலையிலும் அதே பனிதான் விழுந்தது அத்திம்பேர்.

கார்த்தி: 😂😂

வசந்தா அத்தை: இங்கே வெயில் கொளுத்துகிறது. சனிக்கிழமை வடாம் பிழிய யார் வருகிறீர்கள்?

பிரியா: நான் இல்லை.

மூர்த்தி சித்தப்பா: முக்கியமானதை விட்டுவிட்டேன். புதுப் பனி விழுந்தால் ஓரிரு நாள் கூடாரத்திலேயே உட்கார வேண்டும். இவன் 17ஆம் தேதி திரும்புகிறான், 19 பிரியா நிச்சயதார்த்தம். தங்கைக்காக அவசரப்பட்டு நடந்துவிடுவான். தேதியைத் தள்ளுங்கள்.

லலிதா அம்மா: மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது.

மணி அத்திம்பேர்: மூர்த்தி, உன் கல்யாணத்துக்கு உன் அண்ணா மறுநாள் வந்ததற்கு இப்போது வட்டியா?

மூர்த்தி சித்தப்பா: அதை யார் இப்போது எடுத்தது?

பிரியா: அப்பா எல்லாவற்றையும் படித்துவிட்டார். நீலக் குறி தெரிகிறது.

லலிதா அம்மா: படிப்பார். பேச மாட்டார்.

கார்த்தி: 26 காலியாக இருக்கிறதாம், மண்டபத்தில் கேட்டேன். இல்லையென்றால் மலையை அக்டோபருக்கு மாற்றுகிறேன்.

வசந்தா அத்தை: அக்டோபரில் தீபாவளி வேலை!

பிரியா: 26 எனக்குச் சரி. அவர்கள் வீட்டில் யார் சொல்வது?

மணி அத்திம்பேர்: மூர்த்தி சொல்லட்டும். சாய்வு டிகிரியோடு.

மூர்த்தி சித்தப்பா: முதலில் அண்ணா வாயைத் திறக்கட்டும்.