தாம்பரம் – சோழிங்கநல்லூர்: தினமும் சைக்கிளில் வேலைக்குப் போவது சரிப்படுமா?

கிழக்கு_தாம்பரம்:
மேடவாக்கம் வழியாக ஆபீஸ் சுமார் 17 கி.மீ. வண்டி 7 கியர் ஹைப்ரிட், 700x35 டயர், ரிம் பிரேக். என் எடை 82 கிலோ, லேப்டாப் பை 4 கிலோ. ஆபீசில் குளிக்க வசதி இல்லை, 9.30க்கு சீட்டில் இருக்கணும். முதல் நாளிலிருந்தே தினமும் ஓட்டலாமா? முழங்கால் போய்விடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். நடுவழியில் பஞ்சரானால்?

நடுக்கியர்:
தினமும் வேண்டாம். முதல் மூன்று வாரம் செவ்வாய், வியாழன் மட்டும் போங்க. மூச்சு சீக்கிரம் பழகிடும். தசைநாண் (தசையை எலும்போட கட்டுற நாண்) பழக அதைவிட நாளாகும். "இப்பதான் நல்லா ஓட்டுறோமே"ன்னு தோணுற அந்த நேரத்துலதான் முழங்கால் பிடிக்கும்.

சீட் உயரம் பாருங்க. பெடல் அடியில இருக்கும்போது குதிகாலை அதுல வைச்சா கால் நேரா நிக்கணும். முன்பாதத்தால மிதிக்கும்போது தானா லேசா மடங்கும். முழங்கால் முன்பக்கம் வலிச்சா சீட் தாழ்வு, இல்லேன்னா கியர் கனம். பின்பக்கம் வலிச்சா சீட் உயரம். ஒரு தடவைக்கு அரை சென்டிமீட்டர்தான் மாத்தணும். வலது முழங்கால் 15 விநாடியில 20 தடவை மேல வரணும். 15க்குக் கீழ இறங்கினா ஒரு கியர் குறைங்க.

சிக்னல் எல்லாம் சேர்த்து 70 நிமிஷம் வைங்க. 7.30க்குக் கிளம்பினா 8.40. போனவுடனே சட்டை மாத்தாதீங்க, உடம்புச் சூடு அடங்காம புதுச் சட்டையும் நனையும். ஃபேன் கீழ 15 நிமிஷம் உக்காந்து, ஈரத்துண்டால துடைச்சிட்டு அப்புறம் மாத்துங்க. பை முதுகுல வேண்டாம். பின் கேரியர்ல பக்கப்பை மாட்டுங்க, ஆனா மிதிக்கும்போது குதிகால் அதுல இடிக்குதான்னு பாருங்க.

ரப்பர்_சொல்யூஷன்:
பஞ்சருக்குக் கடையை நம்பாதீர்கள். காலையில் பாதிக் கடை திறந்திருக்காது. பையில் இருக்க வேண்டியவை: ஒரு புது டியூப், டயரை நெம்ப இரண்டு பிளாஸ்டிக் டயர் லிவர், சின்ன பம்பு, ஒரு ட்வீசர். பின்சக்கரம் நட்டு போட்டதா என்று பாருங்கள். நட்டு என்றால் பெரும்பாலும் 15 எம்எம் ஸ்பேனர் வேண்டும். இதை மறந்தால் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை.

கழற்றும் முன் செயினைப் பின்னால் ஆகச்சின்ன பல்சக்கரத்துக்குக் கொண்டுவாருங்கள். டியூபை மாற்றினால் மட்டும் போதாது, குத்தியது எது என்று பார்க்கணும். அடுத்தடுத்து இரண்டு ஓட்டை இருந்தால், காற்று குறைவாக இருந்தபோது சக்கரம் பள்ளத்தில் இறங்கியிருக்கிறது. ரிம் பக்கம் இருந்தால் ரிம் டேப் (ரிம்முக்குள் சுற்றிய பட்டை) நகர்ந்து ஸ்போக் முனை குத்தியிருக்கும். வெளிப்பக்கம் ஒற்றை ஓட்டை என்றால் முள், கண்ணாடி, அல்லது வெடித்த லாரி டயரிலிருந்து உதிர்ந்த முடி மெலிசுக் கம்பி. கம்பிதான் மோசம், கண்ணுக்கே தெரியாது. டயரின் உள்பக்கம் ஒரு துணியை ஓட்டிப் பாருங்கள், நூல் மாட்டும் இடத்தில் இருக்கும். விரலால் தடவாதீர்கள். டயரில் பெயர் எழுதிய இடம் எப்போதும் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டினால், டியூப் ஓட்டையை வைத்தே டயரில் எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும்.

பேட்ச் வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சொல்யூஷன் ஈரம் போய் மங்கும்வரை ஐந்து நிமிஷம் காயவிடணும். ஈரத்தோடு ஒட்டியது இரண்டு நாளில் பிரியும்.

கடற்காற்று:
இந்த வழியில் கோடையில் ஒரு வசதி. காலையில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து, மாலையில் கடற்காற்று கிழக்கிலிருந்து. இரண்டு நேரமும் முதுகைத் தள்ளும். ஆனால் வெயில் நேர்மாறு: காலையில் கிழக்கே போகிறீர்கள், மாலையில் மேற்கே திரும்புகிறீர்கள், இரண்டு தடவையும் முகத்தில் அடிக்கும். உங்களைவிட, பின்னால் வரும் பஸ் டிரைவருக்கும் அதே கண்கூச்சம் என்பதுதான் கவலை. பின் சிவப்பு லைட்டைப் பகலிலும் எரியவிடுங்கள்.

அக்டோபரிலிருந்து வடகிழக்குக் காற்று காலையில் எதிர்க்கும், பத்து நிமிஷம் கூடுதலாக வைக்கணும். பெரும்பாக்கம் பக்கம் சதுப்பு நிலத்தை ஒட்டித் தண்ணீர் நிற்கும். ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) மூழ்கும் ஆழமென்றால் இறங்காதீர்கள். பேரிங்கில் தண்ணீர் புகும், திறந்த மேன்ஹோலும் தெரியாது. ஈர ரிம்மில் பிரேக் முதலில் பிடிக்கவே பிடிக்காது, முன்கூட்டியே லேசாக அழுத்தித் தண்ணீரை வழித்துவிடணும். கரகரவென்று சத்தம் வந்தால் பிரேக் கட்டையில் மணல் ஏறியிருக்கிறது, ஊசியால் நோண்டி எடுங்கள். நனைந்த அன்றே செயினைத் துடைத்து ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய், பிறகு வெளிப்பக்கம் முழுக்கத் துடைக்கணும். வெளியே நிற்கும் எண்ணெய் மண்ணைத்தான் பிடிக்கும்.

செயின் தேய்மானமும் பாருங்கள். புதுச் செயினில் 24 கண்ணி, கண்ணிகளை இணைக்கும் ஊசிக்கு ஊசி அளந்தால் சரியாக 12 அங்குலம். பதினாறில் ஒரு அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள்; விட்டால் பின் பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

கிழக்கு_தாம்பரம்:
நன்றி. டியூப் வால்வு பைக்கில் இருப்பது போலவே இருக்கிறது. பங்க்கில் காற்று அடிக்கலாமா? எவ்வளவு?

ரப்பர்_சொல்யூஷன்:
அடிக்கலாம். ஆனால் சைக்கிள் டியூபில் கொள்ளளவு கொஞ்சம்தான், நொடியில் ஏறிவிடும். விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் பைக் என்று நினைத்து 30ல் நிறுத்திவிடுவார்கள். உங்கள் எடைக்குப் பின்னால் 65, முன்னால் 55 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள், டயர் ஓரத்தில் அச்சிட்ட எல்லையைத் தாண்டாமல். வாரம் ஒருமுறை பார்க்கணும். மீட்டர் வைத்த கால்பம்பு ஒன்று வாங்கிவிட்டால் பங்க் பக்கம் போகவே வேண்டாம்.