ஊறல்மேடா, உறிஞ்சுமேடா?

மடல் 1

நண்பர்களே, செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் நீரை மண்ணில் பரப்பும் குழாய்ப் பரப்பைச் சிலர் ‘கசிவு வயல்’ என்று எழுதுகிறார்கள். வயல் என்றால் நமக்கு நெல். கொஞ்ச ஆழத்திலேயே பாறை வந்துவிடும் நிலத்தில் இதையே மணல் கொட்டி, தரைக்கு மேல் அமைக்கிறோம். அதை ‘ஊறல்மேடு’ எனலாமா?

மடல் 2

> ஊறல்மேடு

வேண்டாம் ஐயா. கிணற்றில் நீர் ஊறுவதுபோல் மேட்டின் அடியோரத்தில் ஊறினால் அது பழுது. நனைந்து ஊறுவது என்று கொண்டாலும் தவறுதான். மணலிடுக்கில் காற்று இருந்தால்தான் கிருமிகள் மடியும். மணல் ஊறிக் கிடந்தால் கழிவு அப்படியே பாறை வெடிப்பில் இறங்கிக் கிணற்றுக்குப் போய்விடும்.

கொத்தனாருக்கு ‘உறிஞ்சுகுழி’ தெரியும். அதே வேலையைத் தரைக்கு மேல் செய்வது உறிஞ்சுமேடு. நீளவாக்கில் வெட்டுவது உறிஞ்சுகால். ‘கசிவு’ என்ற சொல்லைப் பழுதுக்கே விட்டுவைப்போம்.

மடல் 3

> உறிஞ்சுமேடு

ஏற்கிறேன். மணல் வடிகட்டவும் செய்வதால் ‘வடிமேடு’ என்று யோசித்தேன், வடிகாலோடு குழம்பும். செப்டிக் டேங்குக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 2470-உம் நிலத்தடி நீர் 180 செ.மீ.க்குள் இருக்கும் நீர் இறங்கும் மண்ணுக்கு இத்தகைய மேட்டைச் சொல்வதால், நமக்கு இந்தச் சொல் அவசியம்.

சொல்லுக்கு எழுதும் விளக்கத்தில் அளவுகளும் வரட்டும். 1970களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் செம்மைப்படுத்திய மேட்டுமுறைப்படி, குழாய் பதிக்கும் ஜல்லிப் படுகைக்கும் பாறைக்கும் நடுவே நீர் தேங்காத மண்ணும் மணலுமாக 90 செ.மீ. வேண்டும். மண் 45 செ.மீ. இருந்தால் மணல் 45. கழுவிய கரடு மணல்தான். தூள் கலந்த எம்-சாண்ட் அடைத்துக்கொள்ளும். அதன்மேல் குழாய்க்கு அடியில் 15 செ.மீ. ஜல்லி, மேலே வடிதுணி, மண், புல்.

மேடு சரிவுக்குக் குறுக்கே நீண்டு, ஒடுங்கி இருக்க வேண்டும். அகலம் கூடினால் கீழ்ச்சரிவு ஓரத்தில் கசியும். மணல் கொட்டுமுன் தரையைச் சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும். உள்ளங்கையில் உருட்டிய மண் கம்பிபோல் நீண்டால் ஈரம் அதிகம், உழக்கூடாது. உழுத இடத்தில் டிராக்டர் ஏறினால் மண் இறுகி, உழுததே வீண்.

மேடு டேங்கைவிட உயரம் என்பதால் பம்ப் தேவை. நாளுக்குச் சில தடவை, துளையிட்ட சிறு குழாய்களில் அழுத்தத்தோடு நீர் விடுவார்கள்; இடைவேளையில் மணல் காற்று வாங்கும். இதற்கு ‘முறைப்பாய்ச்சல்’ என்கிறேன். ஏரிப் பாசனத்தில் முறை வைத்து நீர் விடுவதை அறிந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

மடல் 2 எழுதியவரின் மறுமொழி

முறைப்பாய்ச்சலும் சேரட்டும். ஜல்லிக்கு அடியில் படியும் கறுத்த வழுவழுப்புக்கு ‘அடைபடலம்’ சரியா? அது தடித்தால்தான் மேடு உறிஞ்ச மறுக்கிறது.