மேன் கமாண்ட் காணவில்லை, அவசரம்

மழைக்காகம்: கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் கமாண்டின் உதவிப் பக்கத்தைப் படிக்க, டெர்மினலில் ‘மேன் டார்’ என்று அடித்தால் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று வருகிறது. நேற்று வரை நன்றாக இருந்தது. இன்று ராத்திரிக்குள் ஒரு பேக்கப் ஸ்கிரிப்ட் முடிக்க வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

தென்னந்தோப்பு: எந்த லினக்ஸ்? எந்தப் பதிப்பு?

நடுநிசி: கமாண்டுகளைத் தேடும் இடங்களின் பட்டியலான பாத் கெட்டுப்போயிருக்கும். அதை அமைக்கும் பாஷ்ஆர்சி கோப்பைத் தொட்டீர்களா? எனக்கு ரெண்டு தடவை இப்படி ஆகியிருக்கிறது.

பழைய_ரூட்: பாத் போனால் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்கூட ஓடாது. தம்பி, எந்த சிஸ்டம், என்ன அடித்தீர்கள், என்ன வந்தது, இந்த மூன்றையும் எழுதிவிட்டுக் கேளுங்கள். வருகிறவர்களிடமெல்லாம் இதையே சொல்ல வேண்டியிருக்கிறது.

மழைக்காகம்: மன்னிக்கவும். டாக்கர் கன்டெய்னருக்குள் (தனியாக ஓடும் சின்ன லினக்ஸ் சூழல்), டெபியன் லினக்ஸின் ஸ்லிம் இமேஜ், அதாவது குறைத்த பதிப்பு. நேற்று ஓடியது என் மேக்கில். மேன் கமாண்டைத் தரும் மேன்-டிபியை இன்ஸ்டால் செய்யப் பார்த்தேன், அப்படி ஒரு பேக்கேஜே இல்லை என்கிறது.

தென்னந்தோப்பு: முதலில் ‘ஏப்ட் அப்டேட்’ கொடுங்கள். அந்த இமேஜில் பேக்கேஜ் பட்டியல் காலியாகத்தான் வரும்.

நடுநிசி: குறைத்ததையெல்லாம் திரும்பக் கொண்டுவரும் ‘அன்மினிமைஸ்’ போதுமே?

பழைய_ரூட்: அது உபுண்டுவுக்கு. டெபியனில் கிடையாது.

மழைக்காகம்: மேன் வந்துவிட்டது. இப்போது டாருக்கு ‘நோ மேனுவல் என்ட்ரி’!

தென்னந்தோப்பு: ஸ்லிம் இமேஜில் மேன் பக்கங்களை, பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி வேண்டுமென்றே விட்டுவிடும், இடம் மிச்சமாக. /ஈடிசி/டிபிகேஜி/டிபிகேஜி.சிஎஃப்ஜி.டி/டாக்கர் கோப்பைத் திறந்து, ‘பாத்-எக்ஸ்க்ளூட்’ வரிகளில் /யூஎஸ்ஆர்/ஷேர்/மேன் உள்ளதன் முன்னால் # போடுங்கள், அந்த வரி செயல்படாது. அப்புறம் ‘ஏப்ட் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால் டார்’. மற்ற கமாண்டுகளின் பக்கம் வேண்டுமென்றால் அந்தந்தப் பேக்கேஜையும் இதே மாதிரி திரும்பப் போட வேண்டும்.

செம்பருத்தி: கன்டெய்னருக்குள் மேன் எதற்கு? இமேஜ் சின்னதாக இருக்கத்தானே ஸ்லிம் எடுக்கிறோம். மேக்கிலேயே படிக்கலாம்.

தென்னந்தோப்பு: கூடாது. மேக்கில் இருப்பது பிஎஸ்டி டார், டெபியனில் குனு டார். மாறிய கோப்புகளை மட்டும் பேக்கப் எடுக்கும் ‘--லிஸ்டட்-இன்க்ரிமென்டல்’ குனுவில் மட்டும்தான் உண்டு. பேக்கப் எழுதுகிறவர் வேறு டாரின் பக்கத்தைப் படித்தால் ஸ்கிரிப்ட் பாதியில் நிற்கும்.

செம்பருத்தி: சரி, அப்படியென்றால் டெபியனின் மேன்பேஜஸ் தளம் இருக்கிறது. பதிப்பு வாரியாகப் படிக்கலாம், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

பழைய_ரூட்: சர்வரில் நெட் இல்லாதபோது என்ன செய்வீர்கள்? மேன் என்பது கூடவே இருக்க வேண்டிய விஷயம்.

செம்பருத்தி: சர்வர் வேறு, கன்டெய்னர் வேறு, அண்ணா. நாளைக்கு அந்தக் கன்டெய்னரை அழித்தால் இன்ஸ்டால் செய்ததெல்லாம் கூடவே போய்விடும்.

மழைக்காகம்: ரீஇன்ஸ்டால் செய்ததும் பக்கம் வந்துவிட்டது. ரொம்ப நன்றி தென்னந்தோப்பு.