40 நீர்மூழ்கி மோட்டார், 2 வருஷத்தில் 24 பழுது: குறுவைக்கு எத்தனை ஸ்பேர் மோட்டார் வைக்கணும்?

பாமணி:
மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் 40 போர்வெல் மோட்டாருக்குப் பராமரிப்பு ஒப்பந்தம். எல்லாம் 7.5 ஹெச்.பி., மூணு ஃபேஸ், உள்ளே தண்ணீர் நிரப்புற வகை. பேனலில் மணி மீட்டர் இருக்கு, அதனால் ஓட்டம் துல்லியமாத் தெரியும். 2 வருஷத்தில் எல்லாம் சேர்ந்து 1,20,000 மணி நேரம், பழுது 24. வகுத்தால் 5,000 மணிக்கு ஒரு பழுது.

குறுவையில் ஒரு மோட்டார் 800 மணி ஓடும் (100 நாள், தினம் 8 மணி). 5,000 மணி தாங்குற மோட்டார் 800 மணியில் போகக்கூடாதே? ஆனா ரீவைண்டிங் பண்ணி (காயிலைப் புதுசாச் சுத்தி) இறக்கினது 300 மணியிலேயே காயில் புகையுது. கணக்கு எங்கே இடிக்குது? ஜூன் 12 மேட்டூர் திறந்தாலும் வாய்க்காலில் தண்ணி வந்து சேர நாளாகும், அதுவரை நாற்றங்கால் போரை நம்பித்தான். கடையில் ரீவைண்டிங் சாதாரணமா 6 நாள், நெருக்கடியில் 15 நாள். கையில் எத்தனை மோட்டார் வைக்கணும்?

குடமுருட்டி:
5,000 மணிங்கிறது மோட்டாரோட ஆயுசு இல்லை சார். மொத்தக் கூட்டமும் எவ்வளவு ஓடினால் ஒரு பழுது விழும்ங்கிற கணக்கு. 40 மோட்டார் ஆளுக்கு 800 மணி ஓடினால் 32,000 மணி. 5,000-ஆல் வகுத்தால் 6.4 பழுது. அதாவது இந்தக் குறுவையில் ஆறேழு பழுது வரும்னுதான் உங்க கணக்கே சொல்லுது.

தனி ஒரு மோட்டாருக்கு: பழுது வேகம் (எத்தனை மணிக்கு எத்தனை பழுது) புதுசோ பழசோ ஒரே சீரா இருக்குன்னு வெச்சுக்கிட்டா 800 மணியைத் தாண்டுற வாய்ப்பு 85%. 5,000 மணியைத் தொடுறது 37% தான், பாதிகூட இல்லை. 40-ம் ஒண்ணுகூடப் போகாம பட்டம் முடியுற வாய்ப்பு ஆயிரத்தில் 2-க்கும் கீழே.

நீங்க ஓடுற மோட்டாரோட மணியையும் சேர்த்து வகுத்திருக்கீங்க, அது சரி. நிறையப் பேர் செத்த மோட்டாரோட வயசை மட்டும் கூட்டிச் சராசரி எடுப்பாங்க. இன்னும் ஓடிக்கிட்டு இருக்கிறதை விட்டுட்டா மோட்டார் இருக்கிறதைவிட மோசமாத் தெரியும்.

இப்போ ஒரு கேள்வி: 24-ம் மோட்டார் பழுதா, இல்லை ஸ்டார்ட்டரும் சேர்த்தா?

பாமணி:
சேர்த்துத்தான். காயில் 11, புஷ் / த்ரஸ்ட் பேரிங் (ஷாஃப்டைத் தாங்குற பாகங்கள்) 6, கேபிள் ஜாயிண்ட் 4, கன்டாக்டர் / ரிலே (ஸ்டார்ட்டர் பாகங்கள்) 3.

குடமுருட்டி:
அப்போ ஸ்பேர் மோட்டார் கணக்குக்கு 17 தான். ஜாயிண்டுக்கும் கன்டாக்டருக்கும் மோட்டார் மாத்த வேண்டியதில்லை. ரெண்டு கன்டாக்டர், ஒரு ரிலே, நாலு ஜாயிண்ட் கிட் வேன்ல கிடந்தாப் போதும், அதுக்குக் கணக்கே வேண்டாம்.

17 பழுதுன்னா 32,000 மணிக்கு 4.53. ஒரு நாளைக்கு 0.0453. கடையில் 6 நாள் கிடக்கும்னா எந்த நேரத்திலும் கடையில் இருக்கிறது சராசரி 0.27 மோட்டார். பாய்சான் கணக்குப்படி (தற்செயலா விழுற பழுது ஒரே சமயத்தில் எத்தனை சேரும்ங்கிற வாய்ப்புக் கணக்கு) 1 ஸ்பேர் இருந்தால் 97% நேரம் சமாளிக்கலாம்.

ஆனா உங்களுக்கு 6 நாள் முக்கியமில்லை, 15 நாள்தான். சராசரி 0.68 ஆகுது. 1 ஸ்பேர் 85%, 2 ஸ்பேர் 97%. நாற்றங்கால் சமயத்தில் 8 மணிக்குப் பதில் 12 மணி ஓட்டுவீங்க, அப்போ 1.02. 2 ஸ்பேர் 92%-க்கு இறங்கிடும், 3 வெச்சா 98%. என் பதில் 3. எக்செல்லில் பாய்சான்.டிஸ்ட் போட்டு நீங்களே சரிபார்த்துக்கலாம்: ஸ்பேர் எண்ணிக்கை, சராசரி, கடைசியில் 1.

வெண்ணாறு:
எண்ணிக்கை சரி. ஆனால் ‘ஒரே சீரான பழுது வேகம்’ என்பதை அப்படியே ஏற்க முடியாது. ரீவைண்டிங் முடிந்து 300 மணியில் போகிறது என்று கேள்வியிலேயே இருக்கிறது. கடைசியாகப் பிரித்து மாட்டியதிலிருந்து ஓடிய மணியை மூன்று தட்டாகப் பிரியுங்கள்: 0–500, 500–3,000, 3,000-க்கு மேல். ஒவ்வொரு தட்டிலும் மோட்டார்கள் ஓடிய மொத்த மணி எவ்வளவு, அதில் பழுது எத்தனை? பழுதை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவீர்கள், மணியும் வேண்டும்.

பாமணி:
0–500: 8,000 மணி, 5 பழுது.
500–3,000: 64,000 மணி, 4 பழுது.
3,000-க்கு மேல்: 48,000 மணி, 8 பழுது.
முதல் தட்டில் போன அஞ்சும் காயில். மூணாவது தட்டில் புஷ், பேரிங்தான் அதிகம்.

வெண்ணாறு:
10,000 மணிக்குக் கணக்கிட்டால் 6.25, 0.63, 1.67. புதிதாகச் சுற்றிய மோட்டார் நடுவயது மோட்டாரைப் போலப் பத்து மடங்கு வேகத்தில் போகிறது. நீங்கள் எடுத்த சராசரி இந்த மூன்றில் எதற்கும் பொருந்தாத எண்.

பழுது எண்ணிக்கை சின்னது என்பதால் உடனே நம்பிவிடக் கூடாது. 90% நம்பக எல்லை, அதாவது உண்மையான வேகம் எதற்கும் எதற்கும் நடுவில் இருக்கலாம் என்ற கணக்கு (கை-ஸ்கொயர் முறை), போட்டால் முதல் தட்டு குறைந்தபட்சம் 2.5, நடுத் தட்டு அதிகபட்சம் 1.4. இரண்டும் தொட்டுக்கொள்ளவில்லை, ஆகவே ரீவைண்டிங் குறை உண்மையானது. மூன்றாம் தட்டின் கீழ் எல்லை 0.8, அது நடுத் தட்டின் எல்லைக்குள் விழுகிறது. புஷ் தேய்கிறது என்று சந்தேகப்படலாம், ஆனால் 3,000 மணி தாண்டிய எல்லாவற்றையும் இந்த எண்ணை நம்பி இப்போதே மேலே தூக்குவது அவசரம். வெய்புல் வரைபடமும் (வயதோடு பழுது வேகம் கூடுகிறதா, குறைகிறதா என்று காட்டுவது) 17 புள்ளிக்கு இதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லிவிடாது. போடுவதானால் காயிலுக்குத் தனி, புஷ்ஷுக்குத் தனி. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் வடிவ எண் (1-க்குக் கீழே என்றால் புதுசில் பழுது, மேலே என்றால் தேய்மானம்) 1-க்குப் பக்கத்தில் வந்து ‘எல்லாம் தற்செயல்’ என்று பொய் சொல்லும்.

இன்று உங்கள் 40-ல் எந்தத் தட்டில் எத்தனை?

பாமணி:
இப்பத்தான் சுற்றி இறக்கினது 6, நடுவில் 20, பழசு 14.

வெண்ணாறு:
புதுசு 6-ம் முதல் 500 மணியை வேகமான தட்டிலும் மீதி 300-ஐ நடுத் தட்டிலும் ஓடும்: 2 பழுது. நடு 20: 1 பழுது. பழசு 14: 1.9. மொத்தம் 4.9. குடமுருட்டி சொன்ன 4.53-க்குப் பக்கத்தில்தான் வருகிறது, 3 ஸ்பேர் என்பதும் மாறாது. மாறுவது இடம்: 6 மோட்டாரில் 2 போகும், 20 மோட்டாரில் 1 தான் போகும். நாற்றங்காலுக்கு நம்புகிற போரில் நடுவயது மோட்டார் இருக்கட்டும்.

அந்த ஆறையும் முன்கூட்டியே, கோடையில் பருத்திக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற போரில் இறக்கியிருந்தால் 500 மணி கழிந்திருக்கும். தினம் 8 மணிக்கு 63 நாள். போனாலும் பயிர் ஒரு வாரம் தாங்கும். வருகிற வருடம் மார்ச்சிலேயே ஆரம்பியுங்கள்.

கடையில் கேட்டு வாங்க வேண்டியது: சுற்றிய காயிலைத் தண்ணீரில் 24 மணி ஊற வைத்து, 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவி) பார்க்கச் சொல்லுங்கள். கேபிள் சேர்க்காமல் 20 மெகா ஓமாவது காட்ட வேண்டும். காய்ந்த காயிலில் எடுத்த அளவு எதற்கும் உதவாது, பிவிசி வயரில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் ஊறிய பிறகுதான் காட்டும். இறக்குமுன் உள்ளே சுத்தமான தண்ணீர் நிரப்பி, ஆட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். காற்று தங்கினால் த்ரஸ்ட் பேரிங் காய்ந்து ஓடும். ஓட விட்டபின் மூன்று ஃபேஸ் ஆம்பியரையும் கிளாம்ப் மீட்டரில் எழுதி வையுங்கள், ஓவர்லோட் ரிலேயைப் பெயர்ப்பலகை ஆம்பியருக்கு வையுங்கள். தண்ணீர் குறைவாக வந்தால் சுழலும் திசையைச் சந்தேகப்பட்டு இரண்டு ஃபேஸை மாற்றிப் பாருங்கள்.

கடைமடை:
ஒரு விஷயம் விட்டுப்போச்சு. பாய்சான் கணக்கு ஒவ்வொரு மோட்டாரும் தனித்தனியாப் போகும்னு நம்புது. ஒரே டிரான்ஸ்ஃபார்மர்ல நாலு மோட்டார் இருந்து ஒரு ஃபேஸ் போச்சுன்னா நாலும் ஒரே ராத்திரியில் போகும். அன்னிக்கு 3 ஸ்பேர் காணாது.

நோட்டில் ரெண்டு பத்தி சேருங்க: எந்த டிரான்ஸ்ஃபார்மர், பழுதான அன்னிக்கு மூணு வோல்டேஜும் எவ்வளவு. 415, 400, 385 வந்தால் சராசரி 400, விலகல் 3.75%. வெப்ப ஏற்றம் சுமார் 28% கூடும் (விலகலின் வர்க்கம், ரெண்டு மடங்கு). இன்சுலேஷன் 10 டிகிரி கூடச் சூடானால் ஆயுசு பாதின்னு ஒரு தோராய விதி இருக்கு. ரெண்டு ஃபேஸ் இருக்கும்போது கண்டென்சர் போட்டு ஓட்டுற இடம் எதுன்னும் குறிச்சு வைங்க. அந்த மோட்டாரை மத்ததோட சேர்த்துச் சராசரி எடுக்கவே கூடாது. 2018 நவம்பர் கஜா மாதிரிப் புயலில் மின்கம்பம் சாய்ந்து போனதையும் பழுது வேகத்தில் சேர்க்காதீங்க, தனியா எழுதுங்க.

பாமணி:
நோட்டைப் புரட்டிப் பார்த்தேன் அண்ணே. காயில் போன 11-ல் 4 ஒரே டிரான்ஸ்ஃபார்மர். இன்னொண்ணு: புத்தகத்தில் பழுது வேக அட்டவணை இருக்காமே, அதைப் பயன்படுத்தலாமா?

கடைமடை:
அங்கே முதல்ல சிங்கிள் ஃபேஸ் ப்ரிவென்டர் (ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்துற கருவி) வேலை செய்யுதா, இல்லை அதைத் தாண்டி வயர் போட்டுக் கட்டிவிட்டிருக்காங்களான்னு பாருங்க. ஸ்பேரைவிட அது மலிவு.

வெண்ணாறு:
அட்டவணையில் அதிகம் அடிபடுவது அமெரிக்க ராணுவத்தின் மில்-ஹெச்டிபிகே-217எஃப். அது மின்னணுப் பாகங்களுக்கானது, கடைசித் திருத்தம் 1995. உங்கள் போரின் மணலையும் வோல்டேஜையும் அது அறியாது. சொந்தக் கணக்கே இல்லாதவர் தொடக்கத்துக்கு எடுத்துக்கொள்ளலாம், 1,20,000 மணி கையில் வைத்திருப்பவருக்கு எதற்கு?

குடமுருட்டி:
ஸ்பேர் மூணும் ஷெட்டில் கிடக்கும்போதும் கெடும் சார். மாசம் ஒரு தடவை ஷாஃப்டைக் கையால் சுத்தி விடுங்க, இல்லேன்னா புஷ் ஒட்டிக்கும். இறக்குற அன்னிக்கு மறுபடி மெகர்.