கலைச்சொல்: குவிவெண், தத்தெண் (காமிக்ஸ் இதழ் எண்கள்)

> ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கிய காமிக்ஸ், பிறகு பழைய வரிசை எண்ணுக்கே திரும்பினால், அந்த எண்ணை ‘மரபெண்’ எனலாமா?

ஐயா, வணக்கம்.

மரபெண் என்று சேர்த்து எழுதினால் எனக்கு மரத்தில் செதுக்கிய பெண்தான் தெரிகிறாள். அது போகட்டும். ‘மரபு’ என்ற ஒரே குடைக்குள் இரண்டு வேறு சங்கதிகள் நுழைந்துவிடுகின்றன என்பதுதான் என் தயக்கம்.

ஆக்‌ஷன் காமிக்ஸ் என்ற அமெரிக்க இதழை எடுத்துக்கொள்ளுங்கள். 1938-இல் தொடங்கியது, 2011-இல் 904-ஆம் இதழோடு நிறுத்தி, அடுத்த மாதமே 1 என்று போட்டார்கள். அந்தப் புது வரிசை 52 வரை ஓடியது. 2016-இல் 904-ஐயும் 52-ஐயும் கூட்டி, அடுத்த இதழுக்கு 957 என்று எண்ணிட்டார்கள். நடுவில் 0 என்று ஓர் இதழும், 23.1 முதல் 23.4 வரை நான்கும் வந்தன. அவற்றை ஆட்டத்தில் சேர்க்கவில்லை. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது பதிப்பாளர் விருப்பம். ஆனாலும் இது கூட்டிப் பார்த்த எண். புள்ளியியல் பாடநூலில் ‘குவிவு நிகழ்வெண்’ (cumulative frequency) ஏற்கெனவே இருப்பதால், இதற்குக் ‘குவிவெண்’ பொருந்தும்.

இனி அடுத்த வகை. 1950-இல் அமெரிக்காவில் ‘தி கிரிப்ட் ஆஃப் டெரர்’ என்ற திகில் இதழ் வந்தது. அதன் முதல் இதழின் எண் 17! அதற்கு முந்தைய 16 எண்களும் ‘கிரைம் பட்ரோல்’ என்ற குற்றக்கதை இதழின் வரிசையில் போனவை. கிரைம் பட்ரோலும் 7-ஆம் எண்ணில்தான் அந்தப் பெயரை எடுத்தது. அதற்கு முன் அதே வரிசை வேறு பெயர்களில் ஓடியது. புது இதழ் என்றால் அஞ்சல் சலுகைக்குப் புதிதாகக் கட்டணம் கட்டிப் பதியவேண்டும். பெயரை மாற்றி எண்ணைத் தொடர்ந்தால் அந்தச் செலவு மிச்சம். கதையும் வேறு, பெயரும் வேறு, எண் மட்டும் இரவல். இங்கே குவிந்தது எதுவுமில்லை. தத்தெடுத்த எண் என்பதால் இதற்குத் ‘தத்தெண்’ என்பேன். 1968-இல் 100-ஆம் எண்ணோடு தொடங்கிய கேப்டன் அமெரிக்காவும் இந்த வகைதான். முதல் 99 எண்கள் ‘டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்’ உடையவை.

‘வால்யூம்’ (volume) என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன போடுவது என்பது குறித்து: நம் பத்திரிகைகள் ‘மலர் 3, இதழ் 7’ என்று போடும்போது மலர் ஆண்டோடு ஏறுகிறது. அமெரிக்கக் காமிக்ஸில் ஆண்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை, 1-க்குத் திரும்பும்போதுதான் அது மாறும். ஆகவே அங்கே வால்யூமைச் ‘சுற்று’ எனலாம். ஜப்பானின் ஷோனென் ஜம்ப் என்ற காமிக்ஸ் வார இதழ் ஆண்டுதோறும் 1-க்குத் திரும்பும், விடுமுறை வாரங்களில் இரண்டு எண்ணை ஒரே அட்டையில் சுமக்கும். அதற்கு ‘ஆண்டெண்’ போதும். அதிலிருந்து திரட்டி நூலாக வருவதற்கு மட்டும் ‘தொகுதி’யை ஒதுக்கிவைப்போம்.

எனக்குத் தீராதது அமர் சித்திரக் கதை என்ற நம் நாட்டுக் காமிக்ஸ் வரிசை. கிருஷ்ணன் கதைக்கு எண் 11. முதல் பத்து எண்கள் மேலைநாட்டுத் தேவதைக் கதைகளுக்குப் போயின. பின்னாளில் அதே கிருஷ்ணன் மறுபதிப்பில் 501 ஆனான். 11 தத்தெண்ணா, வெறும் இதழ் எண்ணா? வரிசையின் பெயர் மாறாததால் தத்தெண் அல்ல என்பது என் கட்சி. 501-க்கு ‘மறுபதிப்பெண்’ என்று போடலாமா என்று மட்டும் கலைச்சொல் குழுவினர் சொன்னால், சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.