நிச்சயதார்த்த மோதிரம்: எங்கே வாங்குவது, எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி

வணக்கம். இன்னும் சில மாதங்களில் எனக்கு நிச்சயதார்த்தம். மணமகளாக வரப்போகிறவருக்கு ஒற்றைக்கல் வைர மோதிரம் வாங்கித் தர எண்ணியிருக்கிறேன். நகை வாங்கிப் பழக்கமில்லாததால், கடைக்குப் போனாலும் இணையத்தில் தேடினாலும் குழப்பம்தான் மிஞ்சுகிறது. ஓரிடத்தில் ஒரு காரட் என்று காட்டும் கல், இன்னோரிடத்தில் அதே எடையில் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது. என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. ஆய்வகத்தில் வளர்த்த வைரமாக வாங்கினால் பெரிய கல்லே வாங்கலாம் என்கிறார் ஒருவர். அது வைரமே இல்லை என்கிறார் இன்னொருவர்.

கடையில் நேரில் வாங்குவதா, இணையத்தில் வாங்குவதா, பொற்கொல்லரிடம் சொல்லிச் செய்துகொள்வதா என்பது என் முதல் கேள்வி. கல்லில் எந்தத் தரத்துக்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பது இரண்டாவது. அவருக்குத் தெரியாமல் விரல் அளவை எப்படித் தெரிந்துகொள்வது என்பது மூன்றாவது. விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: கல் தரம் பார்ப்பவர்

நீங்கள் இரண்டாவதாகக் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எந்தக் கல் வேண்டும் என்பது தெளிந்துவிட்டால், எங்கே வாங்குவது என்பதும் பெரும்பாலும் தெளிந்துவிடும். நான் பல ஆண்டுகளாகக் கல் தரம் பார்க்கும் வேலையில் இருப்பவன்.

ஆய்வகத்தில் வளர்த்ததும் வைரம்தான். இரண்டுமே படிகமான கரிமம். கடினத்திலும் ஒளியை வளைக்கும் தன்மையிலும் வேறுபாடு கிடையாது. அதிக அழுத்தத்திலும் வெப்பத்திலும் வளர்ப்பது ஒரு முறை, வாயுவிலிருந்து கரிமத்தை அடுக்கடுக்காகப் படியவைத்து வளர்ப்பது இன்னொரு முறை. இயற்கைக் கல்லிலிருந்து இவற்றை உறுதியாகப் பிரித்துச் சொல்ல ஆய்வகக் கருவிகள் வேண்டும். கடைகளில் கல்லின் மேல் வைத்துக் காட்டும் பேனா போன்ற கருவி பெரும்பாலும் வெப்பம் கடத்தும் தன்மையை மட்டுமே அளப்பதால், இரண்டையும் வைரம் என்றே காட்டும். வெப்பத்தை மட்டும் அளக்கும் கருவி, வைரம் போலவே தோன்றும் வேறொரு கல்லான மொய்சனைட்டைக்கூட வைரம் என்று சொல்லிவிடும். ஆகவே, கருவி ஒலித்தது என்பதற்காகப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பாதி விலையில் நீங்கள் பார்த்த கல் ஆய்வகக் கல்லாக இருக்கலாம். தரத்தில் மிகவும் இறங்கியதாகவோ, விரிசலில் கண்ணாடி போன்ற பொருளை நிரப்பி மறைத்ததாகவோ இருக்கலாம். நிரப்பிய கல்லை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்; பின்னால் மோதிரத்தைப் பற்றவைக்கும்போது சூடு பட்டால் அந்த நிரப்பு கெட்டு விரிசல் வெளியே தெரிந்துவிடும்.

ஆய்வக வைரத்தின் விலை கடந்த சில ஆண்டுகளில் வெகுவாக இறங்கியிருக்கிறது. திரும்ப விற்கப் போனால் அநேகமாக ஒன்றும் கிடைக்காது. அதே சமயம், இயற்கை வைரத்துக்கும் கொடுத்த விலை திரும்ப வருவது அரிது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. எதை வாங்கினாலும் அணிவதற்காக வாங்குங்கள், சேமிப்பாக எண்ணி வாங்காதீர்கள். எந்த வகை என்பது ரசீதிலும் சான்றிதழிலும் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இனி தரம். எடை, நிறம், தூய்மை, வெட்டு என்று நான்கைச் சொல்வார்கள். இவற்றில் பணத்தைப் போட வேண்டியது வெட்டில்தான் என்பது என் உறுதியான கருத்து. பட்டைகளின் கோணம் சரியாக இருந்தால், மேலே விழும் ஒளி உள்ளே திரும்பி மேல்வழியாகவே வெளிவரும். அடிப்பாகம் ஆழமாகவோ தட்டையாகவோ போய்விட்டால் ஒளி கீழே கசிந்துவிடும். நடுவில் இருண்ட பொட்டுப் போலவோ, விளிம்பையொட்டிச் சாம்பல் வளையம் போலவோ தெரியும். எடையைக் குறைக்க மனமில்லாமல் அடியை ஆழமாக விட்டுவிடுவதும் உண்டு. நன்றாக வெட்டிய ஒரு காரட் வட்டக் கல் ஏறத்தாழ 6.5 மில்லிமீட்டர் விட்டம் இருக்கும். அதே எடையில் 6.1 மில்லிமீட்டர்தான் இருக்கிறது என்றால், கண்ணுக்குத் தெரியாத ஆழத்துக்கும் சேர்த்து விலை கொடுக்கிறீர்கள் என்று பொருள். கற்களைச் சோதித்துத் தரச் சான்றிதழ் தரும் அமெரிக்க நிறுவனமான ஜி.ஐ.ஏ., இயற்கையான வட்டக் கற்களுக்கு வெட்டின் தரத்தையும் சான்றிதழில் குறிக்கிறது; அதில் மிக உயர்ந்த தரம் எதுவோ அதையே கேளுங்கள். முட்டை வடிவம், துளி வடிவம் போன்றவற்றுக்கு அவ்வளவு நம்பகமான ஒற்றை அளவுகோல் இல்லாததால், அவற்றை அசைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

நிறத்திலும் தூய்மையிலும் தாராளமாக இறங்கி வரலாம். நிறம் டி என்ற எழுத்தில் தொடங்கி இசட் வரை போகிறது; டி நிறமே இல்லாதது, போகப் போக மஞ்சள் ஏறும். மஞ்சள் தங்கத்தில் பதிக்கப் போகிறீர்கள் என்றால் எச், ஐ, ஜே எல்லாமே வெள்ளையாகத்தான் தெரியும். பிளாட்டினத்துக்கு ஜி போதும். தூய்மையில், உருப்பெருக்கியில் முயன்று பார்த்தால்தான் குறை தெரியும் வி.எஸ்.2 என்ற தரம் தாராளம்; அதற்கு அடுத்த படியான எஸ்.ஐ.1-இல் வெறும் கண்ணுக்குக் குறை தெரியாத கல் கிடைத்தால் அது நல்ல வாங்கல். விளிம்பைத் தொடும் விரிசல் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள், ஏனென்றால் அடிபட்டால் அங்கேதான் உடையும். எடையில், 1.00 காரட்டைத் தொட்டவுடன் விலை படியேறும், 0.90 முதல் 0.95 வரை உள்ள நல்ல வெட்டுக் கல்லை விரலில் பார்த்து யாரும் வேறுபாடு சொல்ல முடியாது. 'மொத்தம் ஒரு காரட்' என்று எழுதியிருந்தால், அது சுற்றிலும் உள்ள பொடிக் கற்களையும் சேர்த்த எடை. நடுக்கல்லின் எடையைத் தனியாகக் கேளுங்கள்.

கடையின் கூரையில் இருக்கும் குவிவிளக்குகளின் கீழே எந்தக் கல்லும் மின்னும். கல்லை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே, நேரடி வெயில் படாத வெளிச்சத்துக்கு வாருங்கள்; அங்கேயும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குக் கடைக்காரர் தயங்கினால் வேறு கடை பாருங்கள்.

மறுமொழி: பட்டறையில் வேலை செய்பவர்

கல்லைப் பற்றி மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் அந்தக் கல்லை விரலில் நிறுத்துவது உலோகம். வாங்குகிறவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

22 காரட் தங்கத்தில் 91.6 விழுக்காடு தங்கம் இருப்பதால் அது மென்மையானது. கல்லைப் பிடிக்கும் மெல்லிய கொக்கிகள் அதில் எளிதில் வளைந்துவிடும். 75 விழுக்காடு தங்கம் உள்ள 18 காரட்தான் வைரத்துக்கு ஏற்றது. உட்புறத்தில் 750 என்ற முத்திரை இருக்கும். வெள்ளைத் தங்கம் வாங்கினால், அதன் பளபளப்பு பெரும்பாலும் மேலே பூசிய ரோடியம் என்ற வெண்ணிற உலோகத்தால் வருவது என்பதையும், அணியும் விதத்தைப் பொறுத்து ஓரிரு ஆண்டுகளில் மறுபடி பூச வேண்டியிருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சில வெள்ளைத் தங்கக் கலவைகளில் நிக்கல் இருக்கும். அது ஒவ்வாமல் தோல் தடிப்பவர்கள் உண்டு. பிளாட்டினத்தில் பூச்சுத் தேவையில்லை, எடையும் கூடுதல். ஆனால் அதன் உருகுநிலை 1,768 பாகை செல்சியஸ் என்பதால், அளவு மாற்றுவதை எல்லாப் பட்டறைகளும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

மோதிரத்தை வாங்குமுன் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பக்கவாட்டில் பாருங்கள். ஒவ்வொரு கொக்கியும் கல்லின் மேல் படிந்து உட்கார்ந்திருக்க வேண்டும். நூலிழை அளவு இடைவெளி தெரிந்தால் துணி சிக்கும், பிறகு கொக்கி நிமிரும், பிறகு கல் விழும். மோதிரத்தைக் காதருகே வைத்து விரலால் தட்டுங்கள். மெல்லிய கடகடப்புக் கேட்டால் கல் ஆடுகிறது. நான்கு கொக்கியில் ஒன்று போனால் கல் போய்விடும். ஆறு இருந்தால், ஒன்று போனாலும் பார்த்துச் சரிசெய்ய நேரம் கிடைக்கும்.

விரல் அளவுக்கு, அவர் அந்த விரலில் அணியும் மோதிரம் ஒன்றை வீட்டார் மூலம் வாங்கி உள்விட்டத்தை அளப்பதுதான் நம்பகமான வழி. அளவு எண்கள் நாட்டுக்கு நாடு மாறுவதால் எண்ணை நம்பாமல் மில்லிமீட்டரில் சொல்லுங்கள். வெயிலில் விரல் உப்பும், குளிரில் சுருங்கும்; பட்டை அகலமாக இருந்தால் சற்றுப் பெரிய அளவு வேண்டும். சந்தேகம் இருந்தால் கொஞ்சம் பெரிதாகவே வாங்குங்கள், குறைப்பது எளிது. சுற்றிலும் கல் பதித்த வளையமாக இருந்தால் பின்னால் அளவு மாற்ற இயலாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே வாங்குவது என்ற கேள்விக்கு என் பதில்: பத்து ஆண்டுகள் கழித்துக் கொக்கியைச் சரிபார்க்கப் போய்க் கேட்கக்கூடிய இடத்தில். ரசீதில் தங்கத்தின் நிகர எடை, கல்லின் எடை, செய்கூலி மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். கல்லின் எடைக்கும் தங்க விலை போட்டுவிடக் கூடாது.

மறுமொழி: தினமும் அணிபவர்

அணிகிறவரின் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல விரும்புகிறேன். மோதிரத்தைக் கழற்றாமல் நாள் முழுவதும் அணிகிற பெண்ணுக்கு, கல் எவ்வளவு பெரியது என்பதைவிட அது எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுதான் முக்கியம். உயரமான கல் தலைமுடியில் சிக்கும், கம்பளியை இழுக்கும், குழந்தையைத் தூக்கும்போது கீறும். கடைசியில் பெட்டிக்குள் போய்விடும். அவர் கையால் என்ன வேலை செய்கிறார் என்று முதலில் யோசியுங்கள்.

வைரம்தான் வேண்டும் என்பது அவருடைய விருப்பமா, உங்களுடையதா? நீலக்கல்லையும் மாணிக்கத்தையும் விரும்புகிறவர்கள் நிறைய உண்டு. வைரத்துக்கு 10 என்று வைக்கும் கடின அளவில் இரண்டும் 9 என்பதால் தினசரி அணிய ஏற்றவை. மரகதம் அழகானது, ஆனால் அதில் இயல்பாகவே விரிசல்கள் இருக்கும், எண்ணெய் ஊட்டியிருப்பார்கள், சுடுநீரும் அதிர்வுச் சுத்திகரிப்பும் ஆகாது. ஓப்பலும் முத்தும் மோதிரத்தில் வெகுநாள் தாங்கா.

ரகசியமாக வாங்க வேண்டும் என்ற உங்கள் ஆசையை நான் மதிக்கிறேன். அதற்கு ஒரு வழி இருக்கிறது. கல்லை மட்டும் தேர்ந்து வாங்கி அதை அவருக்குக் கொடுங்கள். மோதிரத்தின் அமைப்பையும் உலோகத்தையும் இருவரும் சேர்ந்து முடிவுசெய்யுங்கள். அளவுப் பிரச்சினையும் தீர்ந்துவிடும், வாழ்நாள் முழுவதும் அணியப்போகிற பொருளில் அவருடைய விருப்பமும் இருக்கும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அவர் செவிலியர், நாள் முழுவதும் கையுறை அணிகிறவர் என்பதை நான் நினைத்தே பார்க்கவில்லை. கல்லை மட்டும் முதலில் வாங்குவது என்று முடிவுசெய்துவிட்டேன். தனிக் கற்கள் இணையத்தில் நிறையத் தேர்வுகளோடு கிடைக்கின்றன. வந்து சேரும் கல் சான்றிதழில் உள்ள அதே கல்தானா என்பதை எப்படி உறுதிசெய்வது?

மறுமொழி: கல் தரம் பார்ப்பவர்

திருப்பி அனுப்பும் காலம் எத்தனை நாள், பணம் முழுவதும் திரும்புமா என்பவற்றை எழுத்தில் பெற்ற பிறகே பணம் செலுத்துங்கள். கல் வந்ததும், விற்றவரோடு தொடர்பில்லாத, தானும் கல் விற்காத ஒரு மதிப்பீட்டாளரிடம் அந்தக் கெடுவுக்குள் கொண்டுபோங்கள். சான்றிதழ் எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்து, கையில் உள்ள தாளோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். கல்லின் இடுப்பு விளிம்பில், அதாவது மேல்பாகமும் அடிப்பாகமும் சேரும் சுற்றுவட்டத்தில், அந்த எண் லேசரால் பொறிக்கப்பட்டிருந்தால், பத்து மடங்கு உருப்பெருக்கியில் தெரியும். ஆனால் எண் பொருந்துவதோடு நின்றுவிடாதீர்கள். இயற்கை வைரம் ஒன்றின் எண்ணை ஆய்வக வைரத்தில் பொய்யாகப் பொறித்து விற்க முயன்றது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட கல்லைக் காட்டிக்கொடுப்பவை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு வரை குறித்துள்ள அளவுகளும், எடையும், சான்றிதழில் வரைபடம் இருந்தால் அதில் குறித்த உட்குறைகளின் இடமும்தான். தனிக் கல்லாக இருக்கும்போதே இவற்றை எல்லாம் துல்லியமாகப் பார்த்துவிடுங்கள். பதித்த பிறகு எடையைக் கணக்கிட்டுச் சொல்லலாமே தவிர, நிறுத்துப் பார்க்க முடியாது.

மறுமொழி: பட்டறையில் வேலை செய்பவர்

செவிலியருக்குக் கொக்கி வேண்டாம், கையுறையைக் கிழிக்கும். கல்லைச் சுற்றிலும் தங்க விளிம்பால் மூடிப் பிடிக்கும் அமைப்பாக, உயரம் குறைவாகச் செய்யச் சொல்லுங்கள். அந்த அமைப்பில் இடுப்பு விளிம்பு தங்கத்துக்குள் போய்விடும், பொறித்த எண்ணைப் பிறகு பார்க்க முடியாது. ஆகவே கல்லைப் பட்டறையில் கொடுக்கும்போது உருப்பெருக்கியில் அந்த எண்ணை இருவரும் சேர்ந்து பார்த்து, எடையையும் எண்ணையும் ஒப்புகைச் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் உங்கள் முன்னாலேயே பதித்துத் தரும்படி கேளுங்கள். வளையம் முன்கூட்டியே தயாராக இருந்தால், கல்லைப் பதிக்கும் வேலைக்கு நீங்கள் அங்கேயே உட்கார்ந்திருக்கும் நேரம் போதும்.